ரெண்டு வயசாச்சு, இன்னும் பேசலையே!

குழந்தை வளர்ப்பு: வாசகர் கேள்வி – பதில்

ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் பேச்சு, கோபதாபம், பிறரோடு பழகும் விதம் பற்றி வந்த கடிதங்களுக்கு, பேச்சு மொழிப் பயிற்சியாளரும் குழந்தைகள் மனநல ஆலோசகரும் சேர்ந்து பதில் எழுதுகிறார்கள்.

கேள்வி: என் மகனுக்கு 2 வயது 1 மாதம். அம்மா, அப்பா, தா, இல்ல – இந்த நாலு வார்த்தைதான் வருகிறது. தண்ணீர் வேண்டுமென்றால் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு குடத்துக்குப் பக்கத்தில் போகிறான். "அவங்கப்பாவே மூணு வயசுலதான் வாயைத் திறந்தான், ஆம்பளப் பிள்ளைங்க லேட்டாத்தான் பேசும்" என்கிறார் மாமியார். டாக்டரிடம் காட்டலாமா, இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாமா?
– வாசகி, கரூர்

பதில்: இந்த மாதமே காட்டிவிடுங்கள். உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. உங்கள் மகன் மூன்று வயதில் மடமடவென்று பேசிவிடவும் கூடும். ஆனால் இரண்டு வயதில் பின்தங்கி நிற்கும் பிள்ளைகளில் யார் தானாக எட்டிப் பிடிப்பார்கள், யாருக்கு உதவி வேண்டும் என்று வீட்டில் இருந்தபடி யாராலும் சொல்ல முடியாது. காட்டிவிட்டு "ஒன்றும் இல்லை" என்று தெரிந்தால் ஒரு நாள் அலைச்சலோடு போயிற்று. காட்டாமல் ஒரு வருடம் ஓடினால், மூளை மொழியைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும் காலத்தில் ஒரு வருடம் போய்விடும்.

கணக்கு இதுதான். ஆறு மாதத்துக்கு மேல் "பாபாபா", "மமம" என்று மழலை வரும். ஒரு வயதை ஒட்டி முதல் வார்த்தை. இரண்டு வயதில் ஏறக்குறைய 50 வார்த்தைகள். அதோடு "அம்மா வா", "பால் வேணா" என்று இரண்டு வார்த்தைகளைச் சேர்த்துச் சொல்வது. இரண்டு வயதில் 50க்குக் குறைவாக இருந்தாலோ, இரண்டு வார்த்தையைச் சேர்க்காவிட்டாலோ பேச்சு தாமதம் என்று எடுத்துக்கொண்டு பரிசோதிப்போம். நாலு வார்த்தை என்பது மிகக் குறைவு. ஒருமுறை சரியாக எண்ணிப் பாருங்கள். பசுவைப் பார்த்து "ம்மா" என்பதும், பாட்டியை எப்போதும் "ஆட்டி" என்று கூப்பிடுவதும் வார்த்தைக் கணக்கில் சேரும். நீங்கள் சொன்னதை அந்த நொடியில் திருப்பிச் சொல்வது மட்டும் சேராது. ஒரு தாளை அடுப்படிச் சுவரில் ஒட்டி ஒரு வாரம் எழுதினால் பலருக்குக் கணக்கு கூடிவிடும்.

வார்த்தைக் கணக்கைவிட நாங்கள் முதலில் கவனிப்பது வேறு சில விஷயங்கள். கூப்பிட்டால் திரும்புகிறானா? ஆகாயத்தில் விமானம் போனால் விரலை நீட்டிக் காட்டிவிட்டு, நீங்களும் பார்க்கிறீர்களா என்று உங்கள் முகத்தைப் பார்க்கிறானா? நீங்கள் கையால் ஜாடை காட்டாமல் "செருப்பை எடுத்துட்டு வா" என்றால் செய்கிறானா? பொம்மைக்குச் சோறு ஊட்டுவது, காதில் கையை வைத்து "அலோ" சொல்வது என்று பாவனை செய்கிறானா? இவையெல்லாம் இருந்து பேச்சு மட்டும் குறைவாக இருந்தால் நம்பிக்கையோடு வேலையைத் தொடங்கலாம். உங்கள் கடிதத்தில் எங்களுக்கு உறுத்துவது கையைப் பிடித்து இழுத்துப் போவதுதான். எல்லாக் குழந்தைகளும் சில நேரம் அப்படிச் செய்யும். விரலை நீட்டிக் காட்டுவதே இல்லை, கேட்கும்போது முகத்தைப் பார்ப்பதே இல்லை என்றால் ஆட்டிசம் (பிறரோடு பழகுவதையும் பேசுவதையும் பாதிக்கும் மூளை வளர்ச்சி வேறுபாடு) உண்டா என்றும் பார்க்க வேண்டும்.

முதல் பரிசோதனை காது. "கதவைச் சாத்தினா திரும்புறானே, காது நல்லாத்தானே கேக்குது" என்று பெற்றோர் சொல்வார்கள். பெரிய சத்தம் கேட்கும். ச, த, ப போன்ற மெல்லிய ஒலிகள் கேட்காது. அப்படிப் பாதிக் கேட்கும் குழந்தைக்குப் பேச்சு வருவது கடினம். அடிக்கடி சளி பிடித்து நடுக்காதில் நீர் கோத்திருந்தாலும் இதே கதைதான். பெரா என்ற சோதனையில் நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் சிறு பட்டைகளை ஒட்டி, குழந்தை தூங்கும்போதே ஒலிக்கு நரம்பு எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவார்கள். வலி கிடையாது. அன்று காலை குழந்தையைத் தூங்கவிடாமல் கூட்டிப்போனால் வேலை எளிது.

எங்கே போவது? 2013 முதல் நடக்கும் ஆர்.பி.எஸ்.கே. என்ற மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கே வரும். அவர்களிடம் சொன்னால் மாவட்டத்தில் உள்ள ஆரம்பகாலச் சிகிச்சை மையத்துக்கு எழுதித் தருவார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு நேராகவும் போகலாம். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பல்வகைத் திறன் குறைபாடு உடையவர்களுக்கான தேசிய நிறுவனமும், மைசூரில் அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனமும் இதற்கென்றே இருக்கின்றன.

மாமியார் சொல்வதில் ஒரு உண்மை இருக்கிறது: பேச்சுத் தாமதம் குடும்பத்தில் வரும். அதனால்தான் அப்பாவும் தாமதமாகப் பேசிய வீட்டில் இன்னும் சீக்கிரம் பார்க்க வேண்டும். பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகள் சற்றுப் பின்னால் வருவதும் உண்மைதான். அந்த வித்தியாசம் சராசரியாக ஓரிரு மாதம், ஒரு வருடம் அல்ல.

பரிசோதனைக்குக் காத்திருக்கும்போதே வீட்டில் தொடங்கலாம். குளிக்க வைக்கும் நேரம் மிக வசதி. கீழே உட்கார்ந்து, உங்கள் முகம் அவன் முகத்துக்கு நேரே இருக்கட்டும். சொம்பால் ஒருமுறை ஊற்றி, "தண்ணி" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கள். அடுத்த சொம்பை மொண்டு, ஊற்றாமல் அவன் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு மனதுக்குள் ஏழு வரை எண்ணுங்கள். அவன் பார்க்கலாம், கையை ஆட்டலாம், "த்த" என்று ஏதோ ஒலி எழுப்பலாம். எது வந்தாலும் அதைப் பேச்சாக எடுத்துக்கொண்டு, "தண்ணி ஊத்து!" என்று சொல்லி ஊற்றுங்கள். ஏழு எண்ணியும் எதுவும் வரவில்லை என்றாலும் அதையே சொல்லி ஊற்றிவிடுங்கள். பெரும்பாலான வீடுகளில் தவறுவது இந்தக் காத்திருப்பில்தான். இரண்டு நொடியில் பெரியவர்களே பதிலையும் சொல்லிவிடுகிறார்கள்; குழந்தையின் முறை வருவதே இல்லை.

இரண்டாவது, ஒரு வார்த்தை கூட்டும் பழக்கம். அவன் "தா" என்றால் நீங்கள் "பந்து தா" என்று சொல்லிக் கொடுங்கள். "அப்பா" என்றால் "அப்பா வந்தாச்சு". அவன் சொன்னதற்கு ஒரு படி மேலே. பத்துப் படி மேலே போகாதீர்கள். மூன்றாவது, கேட்க வேண்டிய அவசியத்தை உண்டாக்குவது. முறுக்கை அவனால் திறக்க முடியாத, உள்ளே இருப்பது தெரிகிற டப்பாவில் போட்டு அவன் கையிலேயே கொடுங்கள். திறக்க உங்களிடம்தான் வர வேண்டும். வந்து நீட்டியதும் "திற" என்று சொல்லித் திறந்து, முழு முறுக்கையும் கொடுக்காமல் ஒரு துண்டு ஒடித்துக் கொடுத்தால் பத்து முறை வருவான்.

"பந்துன்னு சொல்லு, சொன்னாத்தான் தருவேன்" என்று பிடித்து வைக்காதீர்கள். "இது என்ன? இது என்ன கலர்?" என்று வரிசையாகக் கேள்வி கேட்பதும் வேண்டாம். பேசாத குழந்தைக்கு அது தினமும் தோற்கும் பரீட்சை. வாயை இன்னும் இறுக மூடிக்கொள்ளும். கேட்டே ஆக வேண்டுமென்றால் இரண்டையும் கையில் காட்டி "இட்லியா, தோசையா?" என்று கேளுங்கள். ஒரு நாளைக்கு மூன்று வேளை, வேளைக்குப் பத்து நிமிடம் இப்படிப் போனாலே நல்ல பயிற்சி.

கடைசியாக, எல்லாப் பெற்றோருக்கும்: ஒரு வயதாகியும் மழலையோ, டாட்டா காட்டுவதோ, விரல் நீட்டுவதோ இல்லை, 16 மாதமாகியும் ஒரு வார்த்தைகூட இல்லை, எந்த வயதிலும் பேசிக்கொண்டிருந்தது நின்றுபோனது – இதில் ஒன்று இருந்தாலும் காத்திருக்கக் கூடாது.

கேள்வி: குழந்தைக்கு நாக்கு அடியில் ஒட்டியிருப்பதால்தான் பேச்சு வரவில்லை என்கிறார்கள். தினமும் வசம்பைச் சுட்டு உரசி, தேனில் குழைத்து நாக்கில் தடவச் சொல்கிறார்கள். செய்யலாமா?
– வாசகி, உசிலம்பட்டி

பதில்: வேண்டாம். ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து, கைக்குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கித் தசைகளைத் தளரச் செய்துவிடும். வசம்பைப் பிள்ளை வளர்ப்பான் என்று காலம் காலமாகக் கொடுத்துவந்தாலும், அது பேச்சை வரவழைக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. வாந்தி எடுக்க வைப்பது உண்டு. அதில் உள்ள அசரோன் என்ற பொருளுக்காக அமெரிக்காவில் உணவுப் பொருள்களில் வசம்பைச் சேர்க்க 1968இல் தடை போட்டார்கள்.

நாக்கு ஒட்டியிருந்தால் தாய்ப்பால் குடிப்பதில் சிரமம் வரலாம், பிற்பாடு சில எழுத்துகள் தடுமாறலாம். வார்த்தையே வராமல் போவதற்கு அது காரணம் ஆகாது. பேச்சு நாக்கில் தொடங்குவதில்லை. கேட்டுப் புரிந்துகொள்வதில் தொடங்குகிறது. நாக்கை வெட்டிவிட்டால் பேசிவிடும் என்று அறுவைச் சிகிச்சைக்கு ஓடுவதற்கு முன் காதைப் பாருங்கள்.

கேள்வி: இரண்டரை வயது மகள் ஏ பி சி டி முழுவதும் சொல்வாள். இருபது ஆங்கிலப் பாட்டு மனப்பாடம். ஆனால் பசித்தால் "சாதம் வேணும்" என்று சொல்லத் தெரியவில்லை. போன் இல்லாமல் சாப்பிடுவதும் இல்லை. இது புத்திசாலித்தனமா, பிரச்சினையா?
– வாசகர், திருப்பூர்

பதில்: நினைவாற்றல் நன்றாக இருக்கிறது. பேச்சு வளரவில்லை. இரண்டும் வேறு வேறு. திரைக்கு உங்கள் மகள் என்ன சொன்னாள், சொல்லவில்லை என்பது தெரியாது. அது பாட்டுக்குப் பாடிக்கொண்டே போகும்.

இதைத் தெளிவாகக் காட்டிய ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்காவின் சியாட்டிலில் பட்ரீஷியா கூல் குழுவினர் 2003இல் வெளியிட்டது. ஆங்கிலம் பேசும் வீட்டின் ஒன்பது மாதக் குழந்தைகளோடு சீன மொழி பேசுபவர்கள் நேரில் உட்கார்ந்து விளையாடிப் பேசினார்கள். 25 நிமிடம் வீதம் 12 முறைதான். அந்த மொழியில் மட்டும் உள்ள ஒலி வேறுபாட்டைக் குழந்தைகள் பிடித்துக்கொண்டன. அதே ஆட்கள் அதே பேச்சைப் பேசிய வீடியோவைப் பார்த்த குழந்தைகள் எதையும் பிடிக்கவில்லை.

இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்குள், அதுவும் குறைந்தால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்ன அளவு. சாப்பாட்டு நேரப் போனை முதலில் நிறுத்துங்கள். அதற்கு ஒரு வாரம் ஒதுக்க வேண்டும். முதல் மூன்று நாள் சாப்பாடு குறையும், அழுகை கூடும். நல்ல உடம்போடு இருக்கும் குழந்தை இரண்டு நாள் குறைவாகச் சாப்பிடுவதால் ஒன்றும் ஆகாது. நடுவில் நொறுக்குத் தீனியும் பாலும் கொடுத்து வயிற்றை நிரப்பாதீர்கள். தட்டில் நாலு வாய்ச் சோறு மட்டும் வைத்து, அவளே கையால் எடுக்கட்டும். 25 நிமிடத்தில் தட்டை எடுத்துவிடுங்கள். மூன்றாம் நாள் தாத்தா மனம் கேட்காமல் போனைக் கொடுத்துவிட்டால் மறுபடி முதல் நாளிலிருந்துதான் தொடங்க வேண்டும். எனவே வீட்டில் எல்லோரும் ஒத்துக்கொண்ட பிறகு ஆரம்பியுங்கள். யாரும் பார்க்காமல் ஓடும் டிவியையும் அணைத்துவிடுங்கள். அது ஓடும்போது பெரியவர்கள் குழந்தையோடு பேசுவதே குறைந்துவிடுகிறது.

போனை நிறுத்தி ஓரிரு மாதம் ஆகியும், பாட்டுச் சொல்கிறாள், பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, கண்ணைப் பார்க்கவில்லை என்றால் முதல் பதிலில் சொன்ன பரிசோதனைகளுக்குப் போங்கள். கூப்பிட்டால் திரும்புவதே இல்லை என்பது இப்போதே தெரிந்தால் அந்த இரண்டு மாதமும் காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: பெங்களூரில் இருக்கிறோம். நான் தமிழ், கணவர் தெலுங்கு, விளையாட்டுப் பள்ளியில் ஆங்கிலம், தெருவில் கன்னடம். குழந்தை குழம்பிப்போவாள், ஆங்கிலம் மட்டும் பேசுங்கள் என்று பள்ளியில் சொல்கிறார்கள். 20 மாதக் குழந்தை.
– வாசகி, பெங்களூரு

பதில்: தமிழை விடாதீர்கள். கணவரும் தெலுங்கை விட வேண்டாம். இரண்டு, மூன்று மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை. கணக்கிடும்போதுதான் தவறு நடக்கிறது: தமிழில் 12 வார்த்தை, தெலுங்கில் 10 என்றால் குழந்தையிடம் 22 வார்த்தை இருக்கிறது. ஒரு மொழியை மட்டும் எண்ணிவிட்டுப் பின்தங்கிவிட்டாள் என்கிறார்கள். "ஐ வான்ட் தண்ணி" என்பதும் குழப்பம் அல்ல. எந்த மொழியில் எந்த வார்த்தை கைவசம் இருக்கிறதோ அதை எடுத்துப் போட்டு வாக்கியத்தை முடிக்கிறது குழந்தை.

நம் மொழிகளுக்கு நேரடியாகத் தொடர்புள்ள ஆய்வு ஒன்றைச் சொல்கிறோம். கனடாவில் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் இருவரும் 1984இல் வெளியிட்டது. ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளரும் குழந்தைகளுக்கு இந்தியின் 'ட', 'த' ஒலிகளைக் கேட்க வைத்தார்கள். ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகளில் பெரும்பாலானவை இரண்டும் வேறு என்று கண்டுகொண்டன. பத்து முதல் பன்னிரண்டு மாதத்தில் அந்தத் திறன் கிட்டத்தட்ட மறைந்துவிட்டது. இந்தி கேட்டு வளர்ந்த குழந்தைகளுக்கு அது அப்படியே இருந்தது. ட, த, ன, ண, ல, ள என்று நம் மொழி பிரிக்கும் ஒலிகளை முதல் வருடத்தில் கேட்டுக்கொண்டே இருப்பதன் பயன் இதிலிருந்து புரியும்.

உங்களுக்கு எந்த மொழியில் கொஞ்சவும் கோபப்படவும் தன்னால் வருகிறதோ அதில் பேசுங்கள். தடுமாறும் ஆங்கிலத்தில் பேசும் தாயிடம் வார்த்தையும் குறையும், பேச்சும் குறையும். பேச்சுத் தமிழே போதும். "வருகிறாயா" என்று எழுத்துத் தமிழில் பேச வேண்டியதில்லை. கதைப் புத்தகத்தையும் மூன்று வயது வரை பேச்சுத் தமிழுக்கு மாற்றியே சொல்லுங்கள். அதன் பிறகு எழுதியிருப்பதை அப்படியே வாசித்தால் அந்த நடையும் காதுக்குப் பழகும்.

கேள்வி: மூன்றரை வயதுப் பேரன் 'காக்கா'வை 'தாத்தா' என்கிறான். 'ராமு' என்பது 'லாமு'. திருத்த வேண்டுமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: 'க'வுக்கு 'த' போடுவது சின்ன வயதில் பலரும் செய்வது, நாலு வயதை நெருங்கும்போது போய்விடும். போகவில்லை என்றால் காட்டுங்கள். 'ர' அதற்குப் பிறகும் ஒன்றிரண்டு வருடம் எடுக்கலாம். 'ழ' கடைசி, வளர்ந்தவர்களே பலர் 'ள' என்றுதான் சொல்கிறார்கள். வெளியாள் ஒருவருக்குக் குழந்தை பேசுவதில் இரண்டு வயதில் பாதியும், மூன்றில் முக்கால்வாசியும், நாலில் ஏறக்குறைய முழுவதும் புரிய வேண்டும். இந்த அளவுக்குக் குறைந்தால்தான் கவலை. "திருப்பிச் சொல்லு" என்று நிறுத்தாமல், "ஆமா, காக்கா! காக்கா பறக்குது" என்று சரியான வார்த்தையைச் சேர்த்துப் பதில் சொல்லுங்கள். கேட்க ஆசையாக இருக்கிறது என்று வீட்டார் 'லாமு' என்றே பேசுவதை நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: மகளுக்கு மூன்று வயது. நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவள் ஒரு மாதமாகத் திக்குகிறாள். "மெதுவா, மூச்சு விட்டுப் பேசு" என்று சொல்லிப் பார்த்துவிட்டோம்.
– வாசகி, வேலூர்

பதில்: அப்படிச் சொல்வதை இன்றோடு விட்டுவிடுங்கள். இரண்டிலிருந்து ஐந்து வயதுக்குள் வார்த்தையும் வாக்கியமும் திடீரென்று பெருகும்போது திக்கல் தலைகாட்டும். ஏறக்குறைய நாலில் மூன்று குழந்தைகளுக்குத் தானே சரியாகிவிடும். பேச்சைப் பற்றி நாம் குறை சொல்லச் சொல்ல, குழந்தை தன் பேச்சையே பயந்து கவனிக்கத் தொடங்கும்.

"நான் நான் நான் பார்க்குக்குப் போனேன்" என்று முழு வார்த்தை திரும்ப வந்தால் பெரிதாகக் கவலை இல்லை. "ப்-ப்-ப்-பார்க்" என்று எழுத்து சிக்குவது, "ம்ம்ம்மாமா" என்று இழுபடுவது, வாய் திறந்தும் குரல் வராமல் நிற்பது, கண்ணை இறுக்குவது, காலை உதைப்பது, பேசவே தயங்குவது – இவை இருந்தாலும், குடும்பத்தில் யாருக்காவது திக்குவாய் இருந்தாலும் உடனே பேச்சுப் பயிற்சியாளரிடம் போங்கள். மற்றபடி ஆறு மாதம் வரை பார்க்கலாம். அதுவரை வேகத்தைக் குறைக்க வேண்டியது நீங்கள். பேசும் வாக்கியங்களுக்கு நடுவே ஒரு நொடி இடைவெளி விடுங்கள். அவள் சொல்லி முடிக்கும்வரை முகத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள். வார்த்தையை எடுத்துக் கொடுக்காதீர்கள். அண்ணன் குறுக்கே பேசாத நேரமாக ஐந்து நிமிடம் தினமும் அவளுக்கு மட்டும் ஒதுக்குங்கள்.

கேள்வி: இரண்டரை வயது மகன் கடையில் பொம்மை கேட்டுத் தரையில் புரண்டு அழுகிறான். தலையைத் தரையில் முட்டுகிறான். ஒருமுறை மூச்சுப் பிடித்து உதடு நீலமாகிவிட்டது. பயந்துபோய் தாத்தா உடனே வாங்கிக் கொடுத்துவிட்டார். அதிலிருந்து அடம் அதிகமாகிவிட்டது.
– வாசகி, மயிலாடுதுறை

பதில்: மூச்சைப் பற்றி முதலில். அழுகையின் உச்சத்தில் மூச்சு நின்று நீலமாகி, சில நேரம் துவண்டும் விழுவது ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை காணப்படுவது. குழந்தை வேண்டுமென்று செய்வதல்ல. பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் தானே மூச்சு திரும்பும். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். முகத்தில் தண்ணீர் அடிப்பது, குலுக்குவது, வாயில் விரல் விடுவது எதுவும் வேண்டாம். ஆனால் முதல் முறை வந்தபின் டாக்டரிடம் கட்டாயம் காட்டி, இரத்தத்தில் இரும்புச் சத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். இரும்புச் சத்துக் குறைவுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. குறைவு இருந்து மருந்து கொடுத்தால் பல குழந்தைகளுக்கு இது குறைகிறது.

இனி அடம். ஒன்றரையிலிருந்து மூன்று, நாலு வயது வரை ஆசை பெரிது, வார்த்தை சிறிது. ஆசையை அடக்கி வைக்கும் மூளைப் பகுதி வளர இன்னும் பல வருடம் ஆகும். 2003இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், ஒன்றரை முதல் ஐந்து வயதுக் குழந்தைகளின் அடத்தில் முக்கால் பங்கு ஐந்து நிமிடத்துக்குள் அடங்கிவிட்டது. கோபம் முதலில் உச்சத்துக்குப் போய் இறங்கும். அழுகை மட்டும் கடைசிவரை இருக்கும். கோபம் ஏறும் நேரத்தில் எந்த உபதேசமும் காதில் விழாது. அது இறங்கி வெறும் அழுகையாகும்போதுதான் குழந்தை உங்கள் மடியைத் தேடும்.

எனவே கடையில் செய்ய வேண்டியது: பாதையிலிருந்து தூக்கி ஓரமாகக் கொண்டுபோங்கள். தலைக்கும் தரைக்கும் நடுவே உங்கள் உள்ளங்கை அல்லது துண்டு. ஒரே ஒரு வாக்கியம்: "பொம்மை வாங்கலன்னு கோவமா இருக்கு உனக்கு." பிறகு வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் இருங்கள். சுற்றி நிற்பவர்கள் பார்ப்பார்கள், "ஒண்ணு வாங்கிக் குடுத்துடும்மா" என்பார்கள்; அதைத் தாங்குவதுதான் கஷ்டமான பகுதி. அழுகை மெலிந்ததும் மடியில் எடுத்து, தண்ணீர் கொடுத்து, வேறு வேலைக்குப் போங்கள். பொம்மை மட்டும் அன்று கிடையாது.

தாத்தா வாங்கிக் கொடுத்ததும் அடம் ஏன் கூடியது? புரண்டால் கிடைக்கும் என்று ஒருமுறை தெரிந்துவிட்டது. இனி நீங்கள் கொடுக்காமல் இருந்தால் முதல் சில முறை இன்னும் பலமாகப் புரள்வான். பலரும் அந்த இடத்தில்தான் தளர்ந்து வாங்கிக் கொடுக்கிறார்கள். அப்போது "இவ்வளவு பலமாகப் புரண்டால்தான் கிடைக்கும்" என்று குழந்தை கற்றுக்கொள்கிறது. ஆகவே வாங்கித் தரப்போகிறீர்கள் என்றால் அழும் முன்பே தந்துவிடுங்கள். இல்லை என்று சொன்ன பிறகு மாற்றாதீர்கள்.

அடத்தில் பாதியைக் கடைக்குப் போகும் முன்பே தடுக்கலாம். தூக்க நேரத்திலும் பசி நேரத்திலும் கடைக்குக் கூட்டிப்போகாதீர்கள். வாசலிலேயே "இன்னைக்குப் பருப்பும் சோப்பும் மட்டும்தான். சோப்பை நீதான் கூடையில போடணும்" என்று சொல்லி, கைக்கு ஒரு வேலை கொடுங்கள்.

"போலீஸ்காரர் புடிச்சிட்டுப் போயிடுவார்", "டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்றேன்", "உன்னை விட்டுட்டுப் போறேன்" – இவற்றை வீட்டில் யாரும் சொல்லக் கூடாது. அழுகை நிற்கும், பயம் தங்கிவிடும். கூட்டத்தில் தொலைந்துபோனால் போலீஸ்காரரிடம்தானே குழந்தை போக வேண்டும்? அதேபோல், விழுந்த குழந்தையைச் சமாதானப்படுத்தத் தரையை அடிப்பதும் வேண்டாம். வலித்தால் எதையாவது அடிக்கலாம் என்பதைத்தான் அது கற்றுத்தருகிறது. "வலிக்குதா? எங்க, காட்டு" என்றால் போதும்.

அடம் பெரும்பாலும் 25 நிமிடத்துக்கு மேல் நீண்டாலும், நாளுக்கு ஐந்தாறு முறை வந்தாலும், தன்னையோ பிறரையோ காயப்படுத்தினாலும், வார்த்தையும் சேர்ந்து குறைவாக இருந்தாலும் ஆலோசகரைப் பாருங்கள்.

கேள்வி: இரண்டு வயது மகள் விளையாட்டுப் பள்ளியில் மற்றக் குழந்தைகளைக் கடித்துவிடுகிறாள். எதையும் யாருக்கும் தரமாட்டாள். ஒரே பிள்ளை என்பதால் சுயநலமாக வளர்கிறாளா?
– வாசகி, ஓசூர்

பதில்: சுயநலம் இல்லை. இரண்டு வயதில் குழந்தைகள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தனித்தனியாகத்தான் விளையாடும். அமெரிக்க ஆய்வாளர் மில்ட்ரெட் பார்ட்டன் இதை 1932இலேயே வகைப்படுத்தி எழுதினார். சேர்ந்து சொப்பு வைத்துச் சமைத்து, நீ அம்மா நான் டாக்டர் என்று பங்கு பிரித்து விளையாடுவது மூன்றரை, நாலு வயதில் வரும். "எல்லாருக்கும் குடு" என்று பிடுங்கிக் கொடுத்தால், பலசாலி பிடுங்கலாம் என்பதுதான் மனதில் பதியும். முறை வைப்பது எளிது: "அவன் ரெண்டு தடவை ஆடட்டும், அப்புறம் நீ." பள்ளியில் ஒரே மாதிரிப் பொம்மை இரண்டு வைக்கச் சொல்லுங்கள்.

கடி எந்த நேரத்தில், யாருக்குப் பக்கத்தில், எதற்கு முன்னால் நடக்கிறது என்று ஒரு வாரம் ஆசிரியை குறித்து வைத்தால் காரணம் தெரிந்துவிடும். பொதுவாக நெரிசல், பசி, கையிலிருந்ததைப் பிடுங்கியது, பல் முளைப்பது இவைதான். கடித்ததும் முதல் கவனிப்பு கடிபட்ட குழந்தைக்கு. இவளிடம் "கடிக்கக் கூடாது, வலிக்கும்" என்று இரண்டே வார்த்தை. திருப்பிக் கடித்துக் காட்டச் சொல்வார்கள், செய்யாதீர்கள். "என்னுது", "வேணா" என்ற வார்த்தைகளைக் கையை நீட்டித் தடுக்கும் சைகையோடு வீட்டில் விளையாட்டாகப் பழக்குங்கள். வாயில் அந்த வார்த்தை வந்தால் பல்லுக்கு வேலை குறையும்.

கேள்வி: நாலு வயது மகன் பாலைக் கொட்டிவிட்டு "பூனை கொட்டிச்சு" என்கிறான். எங்கள் வீட்டில் பூனையே இல்லை. இப்போதே பொய் சொல்கிறானே!
– வாசகி, காரைக்குடி

பதில்: அவன் மனது வயதுக்கு ஏற்ப வளர்ந்திருக்கிறது. நமக்குத் தெரிந்தது அடுத்தவருக்குத் தெரியாமல் இருக்கலாம் என்பது நாலு வயதை ஒட்டித்தான் குழந்தைக்குப் பிடிபடும். ஹைன்ஸ் விம்மர், ஜோசப் பெர்னர் இருவரும் 1983இல் இதற்கு ஒரு சோதனை அமைத்தார்கள். வீட்டிலேயே செய்து பார்க்கலாம். அப்பா பார்க்க, மிட்டாயைச் சிவப்பு டப்பாவில் வையுங்கள். அப்பா வெளியே போனதும் மகன் கண் முன்னே அதை நீல டப்பாவுக்கு மாற்றிவிட்டு, "அப்பா வந்தா மிட்டாயை எங்க தேடுவாரு?" என்று கேளுங்கள். மூன்று வயதுக் குழந்தை பெரும்பாலும் நீல டப்பாவைக் காட்டும். நாலு, நாலரையில் சிவப்பைக் காட்டும். பிறர் மனதில் என்ன இருக்கிறது என்று யோசிக்கத் தெரிந்த குழந்தைக்குத்தான் பூனைக் கதையும் கட்டத் தெரியும்; அடுத்தவர் வருத்தத்தைப் புரிந்து "சாரி" சொல்லவும் தெரியும்.

அதற்காகப் பொய்யைப் பாராட்ட வேண்டாம். "யாரு கொட்டினது?" என்று உங்களுக்கே பதில் தெரிந்த கேள்வியைக் கேட்காதீர்கள்; பொய்யை அழைப்பது அந்தக் கேள்விதான். "உண்மையைச் சொன்னா அடிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, சொன்னதும் அடித்தால் அடுத்த முறை இன்னும் நல்ல கதை வரும். "பால் கொட்டிடுச்சு. துணி எடுத்துட்டு வா, ரெண்டு பேரும் துடைக்கலாம்" என்று வேலையில் இறங்கிவிடுங்கள். டம்ளரை ஏன் கொட்டுகிறான் என்றும் பாருங்கள். பெரும்பாலும் அது அவன் கைக்குப் பெரிதாக இருக்கும்; பாதியளவு டம்ளர் கொடுத்து, அதிலும் பாதி மட்டும் ஊற்றுங்கள்.